முப்பத்திரண்டு கட்டத்துக்குள் நம் தெரு

பிக்சல் ஓவியம் பழக வருகிற தம்பி தங்கைகள் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் நல்லது அக்கா?" என்பதைத்தான். இரண்டாவது கேள்வி சில வாரங்கள் கழித்துத் தயங்கித் தயங்கி வரும். "இதை வெளியில யார்கிட்டயாவது காட்டலாமா?" முதல் கேள்விக்குப் பின்னால் இருப்பது பணம். இரண்டாவது கேள்விக்குப் பின்னால் சாதியும் இருக்கிறது. இரண்டுக்கும் எனக்குத் தெரிந்த பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் ஓவியர் இல்லை. படித்தது சமூகவியல், செய்வது சமூகப் பணி. தஞ்சாவூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் கல்வி உதவித்தொகை விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், பள்ளியிலிருந்து நின்றுவிட்ட பிள்ளைகள் என்று அலைகிற வேலை. மாலை நேரப் படிப்பு மையங்களில் பிள்ளைகளோடு உட்கார்ந்து நானும் பிக்சல் ஓவியம் பழகிக்கொண்டிருக்கிறேன். ஆகவே இது ஒரு கற்றுக்குட்டி மற்ற கற்றுக்குட்டிகளுக்கு எழுதுவது.

ஒவ்வொரு கட்டமும் ஒரு முடிவு

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. திரையில் தெரியும் எந்தப் படமும் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனதுதான். அந்தக் கட்டங்களை ஒளித்துவைக்காமல், ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன நிறம் என்று நாமே முடிவு செய்து வரைவது பிக்சல் ஓவியம். போட்டோவைச் சுருக்கிக் கட்டம் கட்டமாகக் காட்டும் ஃபில்டர் இதில் சேராது. அங்கே முடிவெடுப்பது மென்பொருள். இங்கே முடிவெடுப்பது நீங்கள்.

நம் தலைமுறைக்கு இது புதிதும் இல்லை. நோக்கியா 3310 போனில் பாம்பு விளையாடிய எல்லோரும் பிக்சல் ஓவியம் பார்த்தவர்கள்தான். அந்தத் திரையின் மொத்த அளவு 84க்கு 48 கட்டம். தஞ்சாவூர் பேருந்து நிலையத்தில் பேருந்தின் நெற்றியில் ஓடும் எல்.இ.டி. பலகையில் "ழ"வும் "ணை"யும் எப்படி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன என்று பாருங்கள். அங்கேயும் யாரோ ஒருவர் புள்ளி புள்ளியாக முடிவெடுத்திருக்கிறார். திருபுவனத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர்கள் முதலில் கிராஃப் தாளில்தான் கட்டம் கட்டமாக நிரப்புவார்கள். அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போடுவார்கள், பிறகுதான் தறி ஓடும்.

ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டோஷ் கணினி 1984இல் வந்தபோது அதன் திரையில் இருந்த சின்னங்களை உருவாக்கியவர் சூசன் கேர். அவர் அந்த வேலையைத் தொடங்கியதும் கட்டம் போட்ட நோட்டில்தான். 32க்கு 32 கட்டம், மொத்தம் 1,024 சதுரம். ஒரு கணக்கு நோட்டும் பென்சிலும் இருந்தால் இந்தக் கலையை நீங்களும் இன்றே தொடங்கிவிடலாம். "நல்ல லேப்டாப் வாங்கினப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிற பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். கருவி இல்லாததால் நமக்குத் தகுதி இல்லை என்று நினைக்கப் பழக்கப்படுத்தப்பட்டவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை விட வேண்டும்.

எந்த மென்பொருள்?

மென்பொருளைத் தேர்ந்தெடுக்க நான் மூன்று கேள்விகள் கேட்கிறேன். நம்மிடம் இருக்கும் கணினியில் ஓடுமா? இணையம் இல்லாதபோதும் ஓடுமா? அடுத்த ஆண்டு பணம் கட்ட முடியாமல் போனாலும் என் படத்தை நான் திறக்க முடியுமா?

முதல் கேள்வி ஏன் முக்கியம் என்றால், நம் வீடுகளில் இருக்கும் கணினி பெரும்பாலும் அரசு கொடுத்த மடிக்கணினி. 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ வந்தது. பேட்டரி போயிருக்கும், எந்நேரமும் சார்ஜரில் மாட்டியே வைத்திருக்க வேண்டும். அதில் கனமான மென்பொருள் ஓடாது. பிக்சல் ஓவியத்துக்கு அது தேவையும் இல்லை. 32க்கு 32 படத்துக்கு எந்தப் பழைய கணினியும் போதும்.

இரண்டாவது கேள்வி டெல்டாக்காரர்களுக்குத் தானாகவே புரியும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மின்சாரமும் சிக்னலும் இல்லாமல் கிடந்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். புயல் இல்லாத நாளிலும் டேட்டா பேக் தீர்ந்துபோகும். பிரவுசரில் மட்டும் ஓடும் கருவியை நம்பியிருந்தால் அன்றைக்கு வேலை நின்றுவிடும்.

மூன்றாவது கேள்வி உரிமை பற்றியது. ஃபோட்டோஷாப் போன்ற மாதச் சந்தா மென்பொருள்கள் வாடகை வீடு மாதிரி. பணம் நின்றால் கதவு மூடிவிடும்.

இந்த மூன்று கேள்விகளோடு பார்த்தால் பட்டியல் சின்னதாகிவிடுகிறது.

பிஸ்கல்: இலவசம், திறந்த மூல மென்பொருள். பிரவுசரிலேயே திறந்து வரையலாம், கணினியில் நிறுவிக்கொள்ளும் வடிவமும் உண்டு. ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். முதல் மாதத்துக்கு இது போதும்.

பிக்ஸலோரமா: இதுவும் இலவசம், திறந்த மூலம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். லேயர்கள், அசைவூட்டம் என்று எல்லாம் இருக்கிறது. முதல் மாதம் தாண்டியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். மிகப் பழைய மடிக்கணினியில் கொஞ்சம் திணறலாம், முதலில் ஓட்டிப் பாருங்கள்.

ஏஸ்ப்ரைட்: தொழில்முறைக் கலைஞர்கள் அதிகம் பயன்படுத்துவது. பணம் கொடுத்து வாங்க வேண்டும், ஆனால் ஒருமுறை கொடுத்தால் போதும், சந்தா கிடையாது. இதில் ஒரு சுவாரசியம் உண்டு. 2016 வரை இது சுதந்திர மென்பொருள் உரிமத்தில் இருந்தது. பிறகு உரிமத்தை மாற்றினார்கள். மாற்றுவதற்கு முந்தைய நிரலை எடுத்து வேறு சிலர் வளர்த்ததுதான் லிப்ரேஸ்ப்ரைட். அது இன்றும் இலவசம், லேசானது, பழைய கணினிக்கு ஏற்றது. ஏஸ்ப்ரைட்டின் மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு நீங்களே கம்பைல் செய்துகொள்ளலாம், மற்றவருக்கு விநியோகிக்கத்தான் கூடாது. கணினி அறிவியல் படிக்கும் தோழர்கள் இதைச் செய்து பார்த்தால் ஓவியத்தோடு இன்னொரு வேலையும் கற்றுக்கொண்டதாகும்.

கிம்ப், கிருதா இரண்டும் இலவசம். ஏற்கெனவே போஸ்டர் செய்ய வைத்திருந்தால் அவற்றிலேயே வரையலாம். கிம்ப்பில் பிரஷ் வேண்டாம், பென்சில் கருவியை எடுங்கள். பிரஷ் ஓரங்களை மங்கலாக்கும், பென்சில் கட்டத்தைக் கட்டமாகவே நிரப்பும். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் பிக்சல் ஸ்டூடியோ, டாட்பிக்ட் போன்ற செயலிகள் உண்டு. விரல் நுனி கட்டத்தை மறைக்கும், அதனால் 16க்கு 16 அளவில் தொடங்குங்கள்.

பென் டிரைவில் சுற்றும் "கிராக்" மென்பொருள் மட்டும் வேண்டாம். ஒழுக்கப் பாடம் நடத்தவில்லை. அதோடு வரும் வைரஸ் மையத்தில் இருக்கும் எல்லாக் கணினியையும் படுக்கப்போட்டுவிடும். நாளைக்கு இதே வேலைக்குக் கூலி கிடைக்கும்போது உரிமம் கேட்பார்கள். இத்தனை இலவசக் கருவிகள் இருக்கும்போது அந்தத் தலைவலி எதற்கு?

நம் தோலுக்கு என்ன நிறம்?

மென்பொருளைத் திறந்ததும் ஒரு வண்ணத் தட்டு வரும். ஏஸ்ப்ரைட்டில் முதலில் வருவது டான்பிரிங்கர் என்ற புனைபெயரில் இயங்கும் கலைஞர் உருவாக்கிய 32 நிறங்கள். நல்ல தட்டுதான். ஆனால் மையத்தில் பிள்ளைகள் மனித முகம் வரையத் தொடங்கியதும் நான் கவனித்த ஒன்று உண்டு. எல்லோரும் வெளிர்நிறத்தைத் தோலுக்கு எடுக்கிறார்கள். பழுப்பும் கறுப்பும் மரத்துக்கும் மண்ணுக்கும் போகின்றன. அம்மாவை வரைந்த சிறுமிகூட அம்மாவின் நிறத்தை எடுக்கவில்லை. சினிமாவும் விளம்பரமும் பாடப்புத்தகமும் சேர்ந்து பிள்ளைகளின் கைக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

இதற்கு அறிவுரை உதவாது, தொழில்நுட்பம் உதவும். கறுப்புத் தோலை வரைய ஒரே பழுப்பில் கறுப்பைக் கலந்துகொண்டே போனால் முகம் சேறாகிவிடும். நான்கு நிறம் எடுங்கள். நடு நிறம் தோலின் நிறம். நிழலுக்குப் போகும்போது கறுப்பைக் கூட்டாமல் ஊதாப் பக்கமாகத் திருப்புங்கள். வெளிச்சத்துக்குப் போகும்போது வெள்ளையைக் கூட்டாமல் செம்பு நிறத்துக்குப் போங்கள். நான்காவது நிறம் வியர்வைக்கு. உச்சி வெயிலில் நடவு வயலில் குனிந்திருக்கும் பெண்களின் தோளைப் பார்த்திருப்பீர்கள். வியர்வை மினுங்கும் இடத்தில் வானத்தின் நீலம் தெரியும். அங்கே ஒரு கட்டம் வெளிர் நீலம் வையுங்கள், போதும். இதைச் செய்து பார்த்த பிறகு அந்தச் சிறுமி அம்மாவைத் திரும்ப வரைந்தாள். யாரும் சொல்லாமலே.

காட்டுவது எப்படி?

இனி இரண்டாவது கேள்வி. முதலில் தொழில்நுட்பத்தை முடித்துவிடுவோம். நல்ல படங்கள் பல, காட்டும் விதத்தில்தான் கெடுகின்றன.

32 கட்டப் படத்தை அப்படியே அனுப்பினால் திரையில் தபால் தலையைவிடச் சின்னதாகத் தெரியும். பார்ப்பவர் விரலால் பெரிதாக்குவார், போன் அதை மங்கலாக்கிக் காட்டும். எனவே பெரிதாக்கும் வேலையை நீங்களே செய்யுங்கள். முழு எண் மடங்கில் மட்டும் பெரிதாக்க வேண்டும். பத்து மடங்கு என்றால் 320. இரண்டரை மடங்கு, மூன்றே கால் மடங்கு என்று போனால் சில கட்டம் பெரிதாகவும் சில கட்டம் சின்னதாகவும் ஆகிவிடும். பெரிதாக்கும்போது "நியரஸ்ட் நெய்பர்" என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். கிம்ப்பில் இன்டர்போலேஷன் என்ற இடத்தில் "நன்" என்று இருக்கும்.

இன்ஸ்டாகிராமுக்கு 1,080 அகலம் சரியாக இருக்கும். 32ஐ 33 மடங்காக்கினால் 1,056. சுற்றிலும் 12 கட்டம் ஓரம் விட்டால் கணக்கு சரி. 48 கட்டப் படம் என்றால் 22 மடங்கு, அதுவும் 1,056தான்.

கோப்பை பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். ஜேபெக் வடிவம் போட்டோவுக்கு நல்லது, பிக்சல் ஓவியத்தில் கட்டங்களின் ஓரத்தில் அழுக்குப் படிய வைக்கும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கணினித் திரையை போனில் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். அச்சடிக்க வேண்டும் என்றால் 32 கட்டத்தை 75 மடங்காக்குங்கள். 2,400 வரும், ஏ4 தாளின் அகலத்துக்கு அது போதும்.

இவ்வளவுதான் தொழில்நுட்பம். கடினமானது இனிமேல்தான்.

நம் பிள்ளைகள் படம் அனுப்பும்போது கூடவே ஒரு வரியும் வரும். "சும்மா வரைஞ்சேன்." "நல்லா இருக்காது, சிரிக்காதீங்க." முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களின் வாயில் இந்த மன்னிப்பு எப்போதும் தயாராக இருக்கிறது. வகுப்பில் கை தூக்கும்போதும் இருக்கிறது, நேர்காணலிலும் இருக்கிறது. தன்னடக்கம் வேறு. யாரோ அடிப்பதற்கு முன் நாமே குனிந்துகொள்வது வேறு.

அந்த வரிக்குப் பதிலாக ஐந்து தகவல் எழுதுங்கள்: படத்தின் தலைப்பு, அளவு, எத்தனை நிறம், எந்த மென்பொருள், உங்கள் பெயர். கருத்துக் கேட்க விரும்பினால் "எப்படி இருக்கு?" என்று கேட்காமல் ஒன்றைக் குறிப்பாகக் கேளுங்கள். "வெயில் இடப்பக்கத்திலிருந்து அடிப்பது தெரிகிறதா?" என்று கேட்டால் பதில் சொல்பவரும் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வேறொருவர் படத்தைப் பார்த்துப் பழகியிருந்தால் அவர் பெயரையும் எழுதுங்கள். நமக்கு நம் பெயர் வேண்டும் என்றால் பிறர் பெயரையும் நாம் விழுங்கக் கூடாது.

பெயர் விஷயத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் மையத்துப் பையன் ஒருவன் வரைந்த நாற்றங்கால் படத்தை ஒரு தொண்டு நிறுவனம் தன் விழா ஃப்ளெக்ஸில் போட்டது. கட்டங்கள் எல்லாம் மங்கிப்போய், கீழே "பயனாளியின் கைவண்ணம்" என்று அச்சிட்டிருந்தார்கள். அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. வரைந்தபோது அவன் யாருடைய பயனாளியாகவும் இல்லை, ஓவியனாக இருந்தான். அன்றிலிருந்து எங்கள் மையத்தில் ஒரு விதி. படத்தின் மூலையிலேயே, கட்டத்துக்குள்ளேயே, பெயரின் முதல் எழுத்து இருக்க வேண்டும். மூலக் கோப்பை யாருக்கும் கொடுப்பதில்லை, பெரிதாக்கிய பிரதியை மட்டுமே கொடுக்கிறோம்.

பொதுவெளியில் எந்தப் பெயரில் இயங்குவது என்பது உங்கள் முடிவு. சொந்தப் பெயரோ, புனைபெயரோ, அடையாளத்தை அறிவித்தோ, அறிவிக்காமலோ. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, இயக்கத் தோழர்களும்தான். வீட்டு முகவரி, போன் எண் இரண்டையும் மட்டும் வெளியே வைக்காதீர்கள், குறிப்பாகத் தங்கைகள்.

கூண்டோடு சேர்த்து

தஞ்சாவூர் என்றதும் எல்லோருக்கும் தெரிந்த படங்கள் உண்டு. பெரிய கோயில் கோபுரம், தலையாட்டி பொம்மை, வீணை, தங்க ரேக் ஒட்டிய ஓவியம், கண்ணுக்கெட்டிய வரை பச்சை வயல். அந்தப் பச்சை வயலில் ஆள் இருக்கமாட்டார். நட்டவர் யார், களை எடுத்தவர் யார், அறுத்தவர் யார் என்று படத்தில் தெரியாது.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருத்தி, கல்லூரிக் கண்காட்சிக்காகத் தன் தெருமுனையில் இருக்கும் அம்பேத்கர் சிலையை வரைந்தாள். 48க்கு 48, பதினான்கு நிறங்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருப்பது போல அந்தச் சிலையும் கம்பிக் கூண்டுக்குள் இருக்கிறது. அவள் கூண்டையும் வரைந்தாள். நான்கு கட்டத்துக்கு ஒரு கம்பி. கம்பி வரிசை கண்ணாடியை மறைத்துவிட்டது. கண்ணாடி மறைந்தால் அது யார் என்றே தெரியாது. சிலையை ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்த்தினாள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே கண்ணாடி தெரிந்தது. அந்த ஒரு கட்டத்துக்கு அவளுக்கு ஒரு மாலை முழுக்க ஆனது.

கண்காட்சிப் பொறுப்பாளர் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா. கூண்டை மட்டும் எடுத்துடு. இல்லன்னா பெரிய கோயில் வரையேன்" என்று சொன்னாராம். லேயரை மறைத்தால் கூண்டு போய்விடும், ஒரு நொடி வேலை. என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டாள். "உன் தெருவில் கூண்டு இருக்கிறதா இல்லையா?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் கூண்டை எடுக்கவில்லை. படத்தின் கீழ் அட்டையில் எழுதியது இவ்வளவுதான்: "எங்கள் தெருமுனை. 48×48, 14 நிறங்கள், பிக்ஸலோரமா. சிலையும் கூண்டும் உள்ளபடி." பிறகு தன் பெயர். படத்தைக் கதவுக்குப் பக்கத்தில், மூலையில் வைத்தார்கள். பரிசு எதுவும் இல்லை. ஆனால் அங்கே நின்று பார்த்த முதலாமாண்டு மாணவர்கள் இரண்டு பேர், "எங்க ஊர்லயும் கூண்டுதான்க்கா" என்று சொல்லிவிட்டு, எந்த சாஃப்ட்வேர் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு பேரும் இப்போது எங்கள் மையத்துக்கு வருகிறார்கள்.

நம் கதையை நம் வடிவத்தில் சொல்வது புதிதல்ல. அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் "பீமாயணா" என்ற படக்கதை நூலை 2011இல் நவயானா பதிப்பகம் வெளியிட்டது. அதை வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு கலைஞர்கள். வழக்கமான படக்கதைப் பெட்டிகளுக்குள் மனிதர்களை அடைக்க மறுத்துத் தங்கள் மரபின் கோலக் கோடுகளால் பக்கங்களைப் பிரித்தார்கள். அவர்கள் கட்டத்தை மறுத்தார்கள், நாம் கட்டத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். எந்த வடிவமானாலும் உள்ளே எதை வைப்பது, எதை எடுப்பது என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும்.

என் படம் ஒன்றைப் பற்றியும் சொல்கிறேன். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த நாளுக்காக 44 நெற்கட்டுகள் வரைந்தேன். ஒன்று 8க்கு 8. வரிசைக்குப் பதினொன்று, நான்கு வரிசை. ஒன்றை வரைந்து 43 முறை காப்பி பேஸ்ட் செய்தால் பத்து நிமிடத்தில் முடியும். நான் 44ஐயும் தனித்தனியாக வரைந்தேன். மூன்று வாரம் ஆனது. ஒன்றில் கதிர் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், ஒன்றில் கட்டு தளர்ந்திருக்கும், சில மிகச் சின்னவை. இறந்தவர்களில் குழந்தைகளும் உண்டு. தீயை வரையவில்லை, அசைவூட்டம் சேர்க்கவில்லை. தலைப்பாக ஊரின் பெயரையும் தேதியையும் மட்டும் வைத்தேன். நாற்பத்து நான்கு என்பது நமக்கு வாய்ப்பாடமாகிவிட்ட எண். ஒவ்வொன்றுக்கும் 64 கட்டம் நிரப்பியபோது அது எண்ணாக இல்லை.

இந்த வாரம் தொடங்குங்கள். 16க்கு 16, நான்கே நிறங்கள். உங்கள் தெருவிலிருந்து ஒரு பொருள்: கதிர் அரிவாள், சைக்கிள், தண்ணீர்க் குடம், பறை, படிப்பு மையத்தின் டியூப் லைட், எதுவானாலும் சரி. பத்து மடங்கு பெரிதாக்கி, பிஎன்ஜியாகச் சேமித்து, தலைப்பும் பெயரும் எழுதி நான்கு பேருக்காவது காட்டுங்கள். "சும்மா வரைஞ்சேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். நீங்கள் சும்மா வரையவில்லை.

ஜெய் பீம்.